எட்டுக்கு மேல்

கைலாசம் மூன்றாவது முறையாக அந்த விரல்களை நிமிர்த்திப் பார்த்தான். நிமிரவில்லை. சின்னராஜின் இடது கையை ஒழுங்காக மார்பின் மேல் வைத்தாகிவிட்டது. வலது கை மட்டும் எதையோ பிடித்து இழுக்கிற மாதிரி மடங்கியே இருந்தது. பிடிவாதத்துக்குப் பெயர்போன மனிதர், செத்த பிறகும் விடவில்லை.

"உடுங்கண்ணா, வலிக்கப்போவுது," என்றாள் தமிழினி. சொன்ன பிறகுதான் யாருக்கு வலிக்கும் என்று யோசித்தாள்.

கைலாசம் அவளுடைய பெரியப்பா மகன். சின்னராஜுக்குத் தமிழினி ஒரே பெண் என்பதால் அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"துப்பாக்கி லீவரப் புடிச்ச கை அம்மிணி. கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்துட்டாரு. கையில வலு போயிருச்சு, பாவம். எங்கிட்டயே சொன்னாரு."

தமிழினி தோளில் மாட்டியிருந்த கைப்பையை உடம்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். காலையில் சூரமங்கலத்திலிருந்து வந்தது முதல் அதை அவள் கீழே வைக்கவே இல்லை.

வாசல் பந்தலில் அம்மா கந்தம்மாள் துக்கத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இது எத்தனையாவது முறையோ.

"காத்தால ஆறு மணிங்க. நான் அடுப்படில நிக்கறேன். கோழிக் கொட்டாயி முன்னால உக்காந்துக்கிட்டு துப்பாக்கிக்கு டக்கு டக்குனு காத்து ஏத்தறாரு. நானும் எண்ணிக்கிட்டே இருக்கறேன். முப்பத்தாறு. அப்பறம் சத்தம் நின்னுருச்சு. செரி, ஏறிருச்சாட்ட இருக்குதுன்னு டீ வெச்சனுங்க. டீயக் கொண்டுக்கிட்டுப் போயிப் பாத்தா, தலை தொங்கிக் கெடக்குதுங்க."

பக்கத்துத் தோட்டத்து சௌந்திரம் மூக்கைச் சிந்தினாள். மனதில் பட்டதை அப்படியே கொட்டிவிடுகிற பெண். "நெஞ்சைப் பொளந்து ஆப்பரேசன் பண்ணுன ஒடம்புங்கக்கா. எண்ணிக்கிட்டு நின்ன நேரத்துக்கு, நீங்க போயி ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"ஆமா சாமி. இருவதுலயே போயிப் புடுங்கியிருக்கோணும். நான் பாவி, எண்ணிக்கிட்டு நின்னேன்." கந்தம்மாள் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

உள்ளே இருந்த தமிழினிக்கு அந்த அடி ஒவ்வொன்றும் கேட்டது. எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்து, நீங்க காரணம் இல்லைங்கம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கைப்பையின் வாரை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

அந்தத் துப்பாக்கி காற்றழுத்தத்தில் சுடுவது. மேட்டூரில் கம்பெனி வேலை பார்த்த ஓர் இன்ஜினியர் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது சின்னராஜ் வாங்கியது. அப்போதே அது பழசு. வெளிநாட்டுச் சரக்கு, வால்நட் மரக் கட்டை, குழாய்க்கு அடியில் ஒரு லீவர். லீவரை விரித்து விரித்து மூடினால் உள்ளே காற்று ஏறும். கைலாசத்திடம் இருக்கும் புதுத் துப்பாக்கியை ஒரு தடவை மடக்கினால் போதும், சுடலாம். ஆனால் அது தோளில் உதைக்கும், ஸ்பிரிங் சத்தத்துக்குக் கோழிகள் மிரளும். மிரண்ட கோழி முட்டையைக் குறைத்துவிடும்.

"இது உதைக்காது கண்ணு. வேணுங்கற அளவுக்கு ஏத்திக்கலாம்," என்பார் அப்பா. தீவனத்தில் காக்கை உட்கார்ந்தால் இரண்டு இழுப்பு, பக்கத்துத் தகர டிரம்மில் ஒரு 'டங்'. தூரத்துப் புளியமரத்துக் கிளைக்கு எட்டு. எட்டுக்கு மேல் லீவர் நகராது, நிறைந்துவிட்டது என்று அர்த்தம். காக்கை ஒன்றைக்கூட அவர் கொன்றதில்லை.

"நீங்க எட்டு ஏத்தி முடிக்கறதுக்குள்ள காக்கா சேலம் போயிச் சேந்துரும்," என்று அம்மா கேலி செய்வாள். ஆனாலும் தினம் காலையில் அடுப்படியில் நின்று எண்ணுவாள். எட்டு முடிந்ததும் டீ வைப்பாள். ஐந்து நிமிடத்தில் அவர் வந்து நிற்பார், சர்க்கரை போடாத டீ தயாராக இருக்கும். நாற்பது வருடமாக அந்த வீட்டில் காலை என்பது அதுதான்.

துப்பாக்கிக்கு ஒரு நோவு உண்டு. உள்ளே பம்புத் தண்டின் நுனியில், சைக்கிள் பம்பில் இருப்பதுபோல, ஒரு தோல் வாஷர். காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் காற்று நிற்காது. கடையில் எங்கும் கிடைக்காது. அப்பாவே தோல் வாங்கி வெட்டி, விளக்கெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போடுவார். மாட்டுகிற வேலை தமிழினிக்கு. பத்து வயதிலிருந்தே அவள் சின்ன விரலுக்குத்தான் அது வாகாக இருந்தது.

போன மாதமும் அப்படித்தான். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம். கையை வைத்து எதையும் பலமாக இழுக்கவே கூடாது என்று டாக்டர் அவள் எதிரில்தான் சொன்னார். ஊருக்கு வந்தால், அப்பா புது வாஷரை எண்ணெய்க் கிண்ணத்தோடு நீட்டினார்.

"பழசுல லேசாக் காத்துப் போவுது. நட்டைக் கழட்ட என்னால முடியல சாமி. நீ மாத்திக் குடுத்துட்டுப் போ."

வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா? தமிழினி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தனியே போனாள். கழற்றினாள். வெடிப்பு விழுந்த பழைய வாஷரையே திரும்ப மாட்டினாள். புதியதை ஒரு தாளில் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். காற்று ஏறாவிட்டால் நாலு நாள் பார்த்துவிட்டு ஆணியில் மாட்டிவிடுவார் என்று கணக்குப் போட்டாள். அவ்வளவுதான். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

"மாத்திட்டேங்கப்பா," என்று சொல்லிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து ஃபோன் வந்தது.

"பதினஞ்சு இழுத்தாலும் நெறைய மாட்டீங்குது கண்ணு."

"வாஷரு செரியா உக்காரலீங்களாட்ட இருக்குது," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

அப்பா சிரித்தார். "நீ போட்ட வாஷரு. அதுல கோளாறு வருமா? என்ற கைதான் முழுசா இழுக்க மாட்டீங்குது. வலு போயிருச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். இல்லைங்கப்பா, நான் ஏமாத்திட்டேன் என்று ஒரே வரி. அலுவலகத்தில் ஆட்கள் இருந்தார்கள், நேரமும் ஆகியிருந்தது.

"வயசாச்சில்லீங்கப்பா, உட்டுருங்க," என்றாள்.

"ஆமா சாமி," என்று ஃபோனை வைத்துவிட்டார்.

விடவில்லை. போன வலுவை மீட்டுவிடலாம் என்று தினமும் அந்தக் கையைப் பழக்கியிருக்கிறார். பதினைந்து இருபதாகி, இருபது முப்பதாகி, இன்றைக்கு முப்பத்தாறு. புது வாஷரைப் போட்டிருந்தால் எட்டோடு முடிந்திருக்கும். இந்தக் கணக்கைத் தமிழினி காலையிலிருந்து போட்டுப் போட்டு மாய்ந்துகொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். வாய்க்கரிசி போடும்போது அவள் அந்த மடங்கிய விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள். ஈரமும் சில்லிப்புமாக இருந்தன. அவர் காதருகே குனிந்தாள். பின்னால் ஆட்கள் அரிசியோடு காத்திருந்தார்கள். யாரோ அவள் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள்.

ஆண்கள் போய்விட்டார்கள். மேளச் சத்தம் வாய்க்காலைத் தாண்டித் தேய்ந்தது. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினார்கள். அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இருவதுலயே போயிருக்கோணும்," என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி சாகிற வரைக்கும் சொல்வாள் என்று தமிழினிக்குத் தெரிந்தது.

அவள் கோழிக் கொட்டாய்ப் பக்கம் போனாள். யாரோ துப்பாக்கியை ஆணியில் மாட்டியிருந்தார்கள், லீவர் பாதி விரிந்தபடி தொங்கியது. கீழே இறக்கி, ஸ்பேனர் எடுத்து நட்டைக் கழற்றினாள். பழைய வாஷர் காய்ந்த எலுமிச்சைத் தோல்போல விரலில் உதிர்ந்தது. கைப்பையைத் திறந்தாள். சுருட்டிய தாள் முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது. புது வாஷர் இன்னும் மெதுமெதுவென்றுதான் இருந்தது. பதமாகப் போய் உட்கார்ந்தது.

அப்பா உட்காரும் கல்லில் உட்கார்ந்து லீவரை இழுத்தாள். டக். இரண்டு. மூன்று. அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. அம்மாவுக்குக் கேட்கும், கேட்டால் எண்ணுவாள். வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஐந்தில் தோள் வலித்தது. ஆறில் முழங்காலை முட்டுக் கொடுத்தாள். ஏழுக்கு மூச்சு வாங்கியது. எட்டாவதை இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள். ஒன்பதாவதுக்கு லீவர் அசையவில்லை. நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதர் இதை முப்பத்தாறு முறை இழுத்திருக்கிறார். அந்தக் கைக்கா வலு போய்விட்டது? தமிழினி துப்பாக்கியின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

நிமிர்ந்தபோது அம்மா எதிரில் நின்றாள். தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எட்டு," என்றாள் கந்தம்மாள்.

பிறகு தரையைப் பார்த்தாள். ஸ்பேனர், உதிர்ந்து கிடந்த பழைய வாஷர், எண்ணெய்த் தாள், வாய் திறந்திருந்த கைப்பை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்பா கைக்கு ஒண்ணுமில்லீங்கம்மா," என்றாள் தமிழினி.

அம்மா திரும்பி நடந்தாள்.

தமிழினி துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டு, வெகுநேரம் கழித்து அடுப்படிக்குப் போனாள். எழவு வீட்டில் இன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அம்மா அடுப்பின் மேல் டீப் பாத்திரத்தை வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் அளந்து ஊற்றியிருந்தாள். தூள் டப்பா திறந்திருந்தது. சர்க்கரை டப்பாவை எடுக்கவில்லை. பற்றாத அடுப்பின் முன்னால், தண்ணீர் கொதிக்கட்டும் என்று காத்திருப்பவளைப் போல நின்றுகொண்டிருந்தாள்.