டாக்னி என்று கூப்பிட

என் மனைவி டாக்னி இறந்து மூன்று குளிர்காலம் கழித்து டூர்பியோர்க்கை மணந்தேன். பெண் பிறந்தது. மறுமணம் செய்தவனின் முதல் பெண்ணுக்கு இறந்த மனைவியின் பெயரை வைப்பது எங்கள் தெலமார்க் வட்டார வழக்கம். பெற்றவளிடம் அதைக் கேட்க வாய் வராமல், ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள்வரை விறகு பிளந்துகொண்டிருந்தேன்.

"ஊருக்கே விறகு போடப் போறீங்களா? உள்ள வாங்க," என்றாள் டூர்பியோர்க். "பாதிரியார்கிட்ட டாக்னின்னு சொல்லிட்டேன்."

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"கொஞ்சம் இருக்கு. ஆனா நான் வந்த நாள்லேருந்து அந்தப் பேரை நீங்க வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்ல. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

"பழைய நார்ஸ் மொழியில 'புது நாள்'."

"நல்ல பேருதான். இந்தாங்க, அழறா. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

குழந்தையை வாங்கிக்கொண்டு, "டாக்..." என்று தொடங்கினேன். டூர்பியோர்க் என்னோடு சேர்ந்து கூப்பிட்டாள்.