சுருங்கிய தேனீக்கள்

உலகத்தில் தேனீக்கள் அழிந்துபோனால் மனிதகுலம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாங்காதாம். இந்தப் பேரழிவைத் தடுக்கும் பொறுப்பை 2006ஆம் ஆண்டின் கடைசியில், சிவகாசியிலிருந்து ஆலங்குளம் போகும் சாலையில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. தீபாவளி லோடு எல்லாம் போய்ச் சேர்ந்து, முதலாளி சோலைச்சாமிக்குக் கையில் கொஞ்சம் பொழுது இருந்த நேரம் அது.

யோசனை அவருடையதல்ல, பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறைத் தலைவர் முனைவர் சங்கரலிங்கத்துடையது. பட்டாசு அறைக்கும் அறைக்கும் நடுவே சட்டப்படி இடம் விட வேண்டும். அதில் எதுவும் கட்ட முடியாது. வேம்பும் புங்கையும் தாமாக முளைத்து நிற்கும். அந்த மரத்தடியில் தேனீப் பெட்டிகளை வைத்தால் கம்பெனிக்குப் பசுமைப் பெயர், கல்லூரிக்கு அரசு நிதி, தொழிலாளர்களுக்கு அறிவியல். மூன்றாவதை யாரும் கேட்டிருக்கவில்லை. விண்ணப்பத்தில் அதற்குத்தான் அதிகப் பக்கம் ஒதுக்கியிருந்தார்.

நிதி வந்தது. கூடவே, இரண்டு வருஷத்துக்குக் கள உதவியாளர் என்று ஒரே ஒரு வேலையும் வந்தது. அது ரோஜாவுக்குக் கிடைத்தது. அவள் விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு, அம்மா மாடத்தியுடன் கம்பெனி வேனில் ஏறி, இதே கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தவள். இப்போது அதே வேன், அதே கேட்; ஆனால் அறைக்குள் போகாமல் மரத்தடியில் நிற்கலாம். நகக்கண்ணில் இருந்த வெள்ளிப் பொடி மெல்ல மெல்லப் போய்விட்டது. திட்டம் முடிந்தால் மறுபடி அறைக்குள்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

துவக்கவிழா நாளில் சங்கரலிங்கம் ஒரு புகைப்பானோடு வந்து இறங்கினார். பார்வைக்குத் தகர டப்பாவில் துருத்தி வைத்தது போல இருக்கும். கேட்டில் காவலாளி சங்கிலிமுத்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னது சார்?"

"உள்ளே சாக்குத் துண்டைப் போட்டுப் பற்றவைத்தால் புகை வரும். புகை காட்டினால்தான் பெட்டியைத் திறக்க முடியும். தேனீ சாந்தமாகும்."

"தேனீ சாந்தமாகும் சார். கம்பெனி சாந்தமாகாதே. இங்கன வச்சிட்டுப் போங்க. பையில தீப்பெட்டி வச்சிருக்கீகளா?"

வைத்திருந்தார். அதுவும் செல்போனும் கேட்டிலேயே நின்றன. முதலாளியே வந்து சொல்லிப் பார்த்தார். சங்கிலிமுத்து அசையவில்லை.

"நீங்க போட்ட ரூல்தான மொதலாளி? போன சீசன்ல உங்க மச்சினன் பீடியவே புடுங்கிப் போட்டேன். வாத்தியாருக்கு மட்டும் தனிச் சட்டமா?"

பாதி நாட்டுக்குத் தீப்பெட்டி அனுப்பும் வட்டாரத்தில் ஒரு குச்சி உரச வழியில்லாமல் போனது. சங்கிலிமுத்து, எண்ணி மாளாத சரக்கென்பதால், "பெட்டி பத்து, தேனீ லூஸ்" என்று சீட்டெழுதிச் சரக்கை உள்ளே விட்டார். பெட்டிகளை மூடியபடியே வைத்து மாலை போட்டுக் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் தொழிலாளர்களுக்குப் பயிற்சி நடந்தது.

"இன்று முதல் நீங்கள் ஒவ்வொருவரும் மக்கள் விஞ்ஞானி" என்றார் சங்கரலிங்கம்.

"அப்ப சம்பளம் கூடுமா சார்?" என்று கேட்டாள் திரி வெட்டும் பொன்னுத்தங்கம்.

"அறிவு கூடும்மா."

"அது கூடுறப்ப கூடட்டும் சார். சோறு ஆறுது."

பெட்டியைத் திறக்க முடியாதென்றால் என்ன செய்வது? வாசலில் நின்று போகிற வருகிற தேனீயை எண்ணலாம். ரோஜா எண்ணினாள். அலுப்பில்லாத நாட்களில் பொன்னுத்தங்கமும் எண்ணினாள். இந்தச் சங்கடத்துக்குச் சங்கரலிங்கம் "கூடு கலைக்கா உயர்நிலைக் கண்காணிப்பு முறை" என்று பெயர் வைத்து, மதுரையில் ஒரு கருத்தரங்கில் வாசித்தார். கேட்டில் நின்றுபோன தீப்பெட்டியைப் பற்றித் தெரியாதவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கோடையில் பெட்டிகள் ஒவ்வொன்றாக அமைதியாயின. "ஓய்வு நிலை" என்று சங்கரலிங்கம் அறிக்கையில் எழுதினார். ஐப்பசி மழைக்குப் பிறகு மூன்று பெட்டிகளில் மட்டும் திரும்பவும் நடமாட்டம் தெரிந்தது. ரோஜா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"சார், தேனீ சின்னதா இருக்கு."

"எவ்வளவு சின்னதா?"

"முன்ன இருந்ததுல பாதிகூட இல்ல சார். கறுப்பா வேற இருக்கு."

சங்கரலிங்கம் முகவலையை மாட்டிக்கொண்டு, தள்ளி நின்ற வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து நெடுநேரம் பார்த்தார். கண்டுபிடிப்புகள் அப்படித்தான் வருமாம்.

அன்று வேனில் போகும்போது ரோஜா அம்மாவிடம் சொன்னாள்.

"சுருங்காம என்ன செய்யும்?" என்றாள் மாடத்தி. "மருந்து பட்டா எல்லாந்தாண்டி சுருங்கும். எங் கையப் பாரு."

சங்கரலிங்கமும் அதே முடிவுக்குத்தான் வந்தார், கொஞ்சம் நீளமாக. கந்தகச் சூழலில் தேனீயின் உடலளவு சுருங்குகிறது என்று கட்டுரை எழுதி, மரியாதைக்காக முதலாளியிடம் காட்டினார். சோலைச்சாமி தலைப்பைத் தாண்டவில்லை.

"என்ன சார் இப்பிடிப் பண்ணிப்புட்டீக? கந்தகம்னு போட்டா நாளைக்குப் பேப்பர்ல எங் கம்பெனி பேருல்ல வரும்?"

"பின்னே எதனால் சுருங்கியது என்று எழுத?"

"வெயிலப் போடுங்க. வெயிலு யாரு கம்பெனி?"

வெயிலில் சுருங்கியதாகக் கட்டுரை வெளிவந்தது. உலகம் சூடாவதைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். விருதுநகர் மாவட்டத்தில் தேனீ சுருங்கிவிட்ட செய்தி சென்னைவரை போயிற்று. திட்டத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கலாம் என்றார்கள். அதற்குமுன் கோயம்புத்தூரிலிருந்து முனைவர் கற்பகவல்லி என்ற பூச்சியியல் நிபுணர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

2009 தைப் பொங்கல் கழிந்து அவர் வந்தார். பொன்னாடையை வாங்கி நாற்காலிமேல் போட்டுவிட்டு, "பெட்டியைத் திறங்க" என்றார்.

"மேடம், நம்ம முறையே திறக்காமல்..."

"திறக்காம நான் கையெழுத்துப் போட முடியாது டாக்டர்."

ரோஜா முந்திக்கொண்டாள். உள்ளே நெருப்புக்கு வழியில்லை; கையெழுத்து இல்லையென்றால் வேலையும் இல்லை. "மேடம், ஒரு பெட்டிய வெளிய தூக்கிட்டுப் போயித் திறப்போம்" என்றாள்.

கேட்டில் சங்கிலிமுத்து மறித்தார். "அவுட் பாஸ் போடணும்லா? உள்ள வரையில லூஸ்னு வந்திருக்கு. இப்ப எம்புட்டு உருப்படி போகுதுன்னு எழுத?"

"அதே லூசுன்னே எழுதுங்க மாமா."

எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் பெட்டியை இறக்கினார்கள். டீக்கடை அடுப்பிலிருந்து ஒரு கங்கு எடுத்துப் புகைப்பானுக்குள் போட்டார்கள். அதற்குள் சங்கரலிங்கம் வெள்ளை அங்கி, முழங்கைவரை கையுறை, முகவலை, ரப்பர் பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"யாருலே இது, நெலாவுக்குப் போறவரா?" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"காத்துக் கருப்பு ஓட்ட வந்திருக்காருலே. பொகையப் பாரு."

சங்கரலிங்கம் மூடியைத் தொடவில்லை. "மாணவியே திறக்கட்டும் மேடம். பயிற்சியின் பலன் தெரியணுமில்லையா?" என்று ரோஜாவைப் பார்த்தார். அவள் நெம்பினாள். பிசின் ஒட்டிய மூடி 'சடக்'கென்று வந்தது. உள்ளே அடையைக் காணோம். ஒரு மூலையில் கறுத்த திராட்சைக் குலைபோலச் சின்னச் சின்ன மெழுகுக் குடங்கள். அவற்றின் மேல் எள்ளை அள்ளித் தெளித்ததுபோல் பூச்சிகள். கற்பகவல்லி வெறும் கையை உள்ளே விட்டு, ஒரு குடத்தை அழுத்தி, விரலை நாக்கில் வைத்தார்.

"டாக்டர், இது கொசுத்தேனீ."

முகவலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சுருங்கிச் சுருங்கி அந்த நிலைக்கு..."

"சுருங்கல. இதோட அளவே இவ்வளவுதான். நீங்க கொண்டுவந்து வச்சது எப்பவோ பறந்து போயிடுச்சு. காலி வீட்டுல இது குடி வந்திருக்கு."

சங்கரலிங்கம் முகவலையைத் தூக்கிவிட்டார். பிறகு தணிந்த குரலில், "கட்டுரை வெளிவந்துவிட்டதே மேடம்" என்றார்.

கற்பகவல்லி விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தார். அந்தக் கட்டுரையைத் தாராளமாக வெளியிடலாம் என்று பத்திரிகைக்குப் பரிந்துரை எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

"ஒரு டீ சொல்லுங்க" என்றார்.

டீ வந்தது. இருவரும் தள்ளிப் போய் நின்று குடித்தார்கள். ரோஜா மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். தலைமுடிக்குள் பூச்சிகள் ஊர்ந்தன, தட்டிவிடத் தோன்றவில்லை. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்த கற்பகவல்லி பெட்டியின் வாசலைக் குனிந்து பார்த்தார்.

"இங்க பிசின்ல ஒரு குழாய் கட்டியிருக்கணுமே. யார் சுரண்டினது?"

"நாந்தான் மேடம். வாராவாரம் சுத்தம் பண்ணுவேன். அழுக்குன்னு நெனச்சேன்."

"அது அழுக்கு இல்லம்மா, அதோட கதவு. இனிமே சுரண்டாதே."

"இனிமேன்னா மேடம்... எனக்கு வேலை இருக்கா?"

"இருக்கு. தலைப்பு மட்டும் மாறும்."

மாறியது. பட்டாசு வளாகத்தில் கொசுத்தேனீ வளர்ப்பு என்று மூன்று வருஷத்துக்கு நீட்டித்தார்கள். சுருங்குதல் என்ற சொல்லை அதன்பிறகு யாரும் எங்கும் பயன்படுத்தவில்லை. சங்கரலிங்கம் கொசுத்தேனீ பற்றி வானொலியில் பேசினார்.

ரோஜாவின் நியமன ஆணை பங்குனியில் வந்தது. மாடத்தி அதை வேனிலேயே வாசிக்கச் சொன்னாள். ரோஜா உரக்க வாசித்தாள். பொன்னுத்தங்கம் "ஏட்டி, இன்னொருக்கா வாசி" என்றாள். பதவி அதேதான், கொஞ்சம் கூடுதல் சம்பளம். கடைசி வரியில், தேனீ கொட்டும் அபாயத்துக்கென்று மாதாமாதம் தனிப்படி. சங்கரலிங்கம் தனக்கும் சேர்த்து எழுதிக் கேட்டு வாங்கியது.

கொசுத்தேனீக்குக் கொடுக்கு கிடையாது.