ஆளில்லாத சுக்கான்

கால்வாய் நிர்வாகத்து ஆள் டெரன்ஸ் கரையோரமாக ஒவ்வொரு படகின் எண்ணையும் குறித்துக்கொண்டே வந்து, மேவிஸின் படகருகே நின்றுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேவிஸம்மா, இன்னிக்காவது லாக்கத் தாண்டிடுங்க. ரெஜ் ஐயா தவறினப்ப தந்த அவகாசமும் முடிஞ்சுது. இதுக்கு மேல நின்னா லைசென்ஸ புதுப்பிக்க மாட்டாங்க."

"மனசாட்சி இருக்காடா உனக்கு?" என்றேன்.

"அவன் என்னடி பண்ணுவான், ஐவி?" என்றாள் மேவிஸ்.

உண்மைதான். படகு நிறுத்தத் தனி இடம் வாடகைக்குப் பிடிக்க வக்கில்லாத எங்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதே இந்த நிபந்தனையில்தான்: இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே கரையில் நிற்கக்கூடாது. லைசென்ஸ் போனால் படகு போகும். மேவிஸுக்கு வேறு வீடு கிடையாது.

ஆனால் அவள் வாழ்நாளில் சுக்கானைத் தொட்டதே இல்லை. எங்கள் கால்வாயில் எல்லாத் தம்பதிகளும் அப்படித்தான். புருஷன் படகை ஓட்டுவான். தண்ணீர் மட்டம் மாறும் இடத்தில் லாக் என்ற மதகு வந்ததும் பெண்டாட்டி இறங்கி ஓடி, கையோடு கொண்டுபோகும் இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுழற்றித் தண்ணீரை ஏற்றி இறக்கி, அதன் கதவைத் திறந்து, வா என்று கையைத் தூக்குவாள். கொஞ்சம் தாமதமானால் போதும், "தூங்கிட்டியாடி அங்க?" என்று அவள் புருஷன் ரெஜ் போடும் சத்தத்தில் வாத்துகள் பறக்கும்.

"நான் ஓட்டித் தரேன், மேவிஸ்."

"இன்னிக்கு ஓட்டுவ. ரெண்டு வாரம் கழிச்சு? அதுக்கப்புறம்?"

அவளே கிளப்பினாள். நான் கரையில் கூடவே நடந்தேன். வளைந்து நெளிந்தாவது போனாள். லாக் கண்ணில் பட்டதும் எனக்கு உயிர் வந்தது. மேவிஸ் வேகத்தைக் குறைத்தாள், கரையை ஒட்டினாள், கைப்பிடியை எடுத்தாள், இறங்கினாள். நேராக நடந்துபோய்க் கதவைத் திறந்தாள். திரும்பி நின்று கையைத் தூக்கினாள்.

படகு ஆளில்லாமல் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

தூக்கிய கை அப்படியே நின்றது. படகு சேற்றுக் கரையில் முட்டிச் சாய்ந்து நின்றது. மேவிஸ் கதவுக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரெஜ்ஜை அடக்கம் செய்த அன்றும் அழாதவள் அன்றுதான் அழுதாள். பின்னாலேயே வந்த டெரன்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தான். பாவம், அவனுக்கும் அம்மா இருக்கிறாள்.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். யாருக்கும் கொடுக்காத அந்தக் கைப்பிடியை என் கையில் திணித்தாள். படகுக்குத் திரும்பிப்போய், கழியால் கரையை உந்தி, படகை நேராக்கினாள். சுக்கானைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

"தூங்கிட்டியாடி அங்க?"

வாத்துகள் பறந்தன. நான் கையைத் தூக்கினேன்.