கேமராவுக்கு நேர் கீழே

அம்மா மறுபடியும் காணாமல் போனாள்.

ஆபீஸ் மேஜைக்கு அடியில் போனை ஒளித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அம்மா வீட்டுக் கூடம் பளிச்சென்று தெரிந்தது. சோபா இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, டிவி யாருக்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா மட்டும் இல்லை. மேனேஜர் எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வராந்தாவுக்கு ஓடினேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எங்கம்மா போன?"

"இங்கதான்டி இருக்கேன். எங்க போகப்போறேன்? சாப்பிட்டியா?"

"கேமராவுல உன்னக் காணோமே."

"காத்து வாங்கிட்டிருந்தேன். உன் குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு, சளியா?"

சளியாம். இங்கே எனக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கிறது. அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டுப் போனை வைத்தேன்.

ஒருமுறை கூடத்தில் வழுக்கி விழுந்து, அரை நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தவள் அவள். அதற்கப்புறம்தான் கேமரா மாட்டினேன். மாட்டிய புதிதில் நிம்மதியாக இருந்தது. அவ்வப்போது ஒரு பார்வை பார்ப்பேன். நடமாடுகிறாள், சரி, நன்றாக இருக்கிறாள் என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இப்போது கொஞ்ச நாளாகத்தான் இந்தக் கண்ணாமூச்சி. கேட்டால் பூனை வந்தது, துணி காயப்போட்டேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். மயங்கி விழுகிறாளா? மறதி ஆரம்பித்துவிட்டதா? எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

கேமராக்காரரைப் பிடித்து, இன்னொன்று மாட்டுங்கள், ஒரு அங்குலம் விடக்கூடாது என்று பொரிந்து தள்ளினேன். மறுநாள் அவர் ஏணியோடு கூடத்துக்குள் வந்ததைப் போனில் பார்த்தேன். அப்போதும் அம்மாவைக் காணோம். அவர் கேமராவை நோக்கி நடந்து வந்து, படத்தைவிட்டு மறைந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், அம்மா கேமராவுக்கு நேர் கீழதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. அந்த எடம் மட்டும் தெரியாது."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாட்டி முடிச்சதும் யாரையாவது நடக்கச் சொல்லி, எதுவரைக்கும் தெரியுதுன்னு பார்ப்போம். அன்னிக்கு அம்மாதான் நடந்தாங்க. எங்க நின்னா தெரியாதுன்னு கேட்டாங்க, சொன்னேன்."

"அங்க உட்கார்ந்து என்ன பண்றாங்க?"

தயங்கினார். "ஒண்ணும் பண்ணல மேடம். போனை மடியில வச்சிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்காங்க."

எனக்கு முகம் சுட்டது. கேமரா வந்த பிறகு, அவள் மறைந்த நாட்களைத் தவிர, நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை.

"புதுசை எங்க மாட்டட்டும்?"

"வேண்டாங்க. ஏணிய எடுத்துட்டுப் போங்க."

அவர் போனதும், திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை மாதிரி அம்மா சோபாவுக்கு வந்து அமர்ந்தாள். கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். நான் கூப்பிட்டேன். படத்தில் அவள் திடுக்கிட்டு மடியைத் தடவினாள். போன் அந்த நாற்காலியிலேயே இருந்திருக்க வேண்டும். எழுந்து கேமராவை நோக்கி வந்து மறைந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் காத்திருந்தேன்.

"என்னடி ஆச்சு?" என்றாள், மூச்சு வாங்க. "நான் கேமராவுலதானே இருந்தேன்?"