எழுபத்தெட்டாம் வருசத்துச் சரக்கு

தமிழ்நாட்டுக்காரன் பஸ் ஏறி வந்து, குடித்து, வாய்க்காலோரம் விழுந்து, எழுந்து, மறுபடி குடித்துவிட்டு ஊர் திரும்புகிற இடம் காரைக்கால். அந்த ஊர்க்காரனுக்கே குடிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒருத்தன் பாரிசிலிருந்து வந்து இறங்கினான். அவன் பெயர் தெட்சிணாமூர்த்தி. வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூடப் படித்தவர்களுக்கு இன்னும் தெச்சணாதான். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

தெச்சணா இளவயதில் பாரிசுக்குப் போய் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினான். அப்புறம் காய் நறுக்கினான். கடைசியில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பெரிய மனிதர்களுக்கு வைன் ஊற்றிக்கொடுக்கும் வேலைக்கு உயர்ந்தான். ஓய்வு பெற்ற நாளில் முதலாளி அவன் கையில் 1978-ஆம் வருசத்துப் பாட்டில் ஒன்றைக் கொடுத்துக் கன்னத்தில் முத்தமும் கொடுத்தார். முத்தத்தை அங்கேயே துடைத்துவிட்டு, பாட்டிலை மட்டும் வேட்டியில் சுற்றி, காரைக்காலை ஒட்டிய நெரவியில் தான் கட்டிய வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். துணைக்கு இன்னும் சில பாட்டில்கள்.

மனைவி ஜெயப்ரியா கூட வரவில்லை. "கொசுவுக்கு நான் சாப்பாடா? போய்ப் பாத்துட்டு வீட்ட வித்துட்டு வாங்க. அங்க உங்கள யாரு தேடிக்கிட்டு இருக்கா?" என்று அனுப்பிவைத்தாள். இந்தக் கடைசிக் கேள்விதான் விமானம் இறங்கிய பிறகும் அவன் காதை விட்டு இறங்கவில்லை.

வீட்டைக் கேட்டு செல்லையன் என்கிற காண்ட்ராக்டர் நடையாய் நடந்தார். திருநள்ளாறு வருகிற பக்தர்களுக்கு லாட்ஜ் கட்டப் போகிறாராம். "இன்னைக்கு ராத்திரி போன் பண்றேன். ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லாட்டி நான் வேற எடம் பாத்துக்குறேன்" என்று அன்று காலையில் கெடு வைத்துவிட்டுப் போனார். தெச்சணா மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். பழைய கூட்டாளிகளான காத்தமுத்துவையும் பூமிநாதனையும் இன்றைக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் வந்து, கடைசிவரை தன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் இந்த ஊரில் தனக்கு ஆள் உண்டு. வீடு கிடையாது என்று செல்லையனிடம் சொல்லிவிடலாம். இல்லையென்றால் ஜெயப்ரியா வாக்கு தெய்வ வாக்கு.

சமையலுக்கு இருந்த செல்லம் மேசையில் வாழையிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு பேருக்கு எதுக்கு நாலு எலை?"

"காத்தமுத்து அண்ணன்தான் போன் பண்ணிப் போடச் சொன்னாங்க."

தெச்சணாவுக்குச் சுருக்கென்றது. கேட்காமல் கொள்ளாமல் நாலாவது ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறானா? எழுபத்தெட்டை மூன்றாகப் பிரிப்பதற்கே அவனுக்கு மனசு வரவில்லை.

பொழுது சாயும்போது இருவரும் வந்தார்கள். காத்தமுத்துவுக்குக் கிளிஞ்சல்மேட்டில் விசைப்படகு. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வேலையற்று, மருமகள்களுக்குத் தொந்தரவாக இருந்தான். கட்டுமரத்துக்காரர்களிடம் வாங்கிய கொடுவா மீனும் நண்டுமாக ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து நேரே அடுப்படிக்குப் போனான். பூமிநாதனுக்குச் சுரக்குடியில் நிலம். அவன் இடுப்பில் குவாட்டர் பாட்டில் ஒன்று செருகியிருந்தது.

"அது எதுக்குடா?"

"ஒன் சரக்கு கைவிட்டுட்டா? ஒரு தைரியத்துக்குத்தான்."

தெச்சணா முதல் பாட்டிலைத் திறந்தான். வெள்ளை வைன், மீனுக்கு. கிளாசைச் சுழற்று, மூக்கருகே கொண்டுபோ, மோந்து பார், ஒரு வாய் மட்டும் எடு, நாக்கில் உருட்டு என்று பாடம் நடத்தினான். இருவரும் பள்ளிக்கூடத்தில் காட்டாத பணிவோடு கேட்டார்கள். கேட்டு முடித்ததும் பூமிநாதன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உருட்டுனியா?"

"உள்ள போய் உருளுது."

காத்தமுத்து விரலை நனைத்து இரண்டு சொட்டு தரையில் தெளித்துவிட்டு அவனும் கவிழ்த்தான். "புளிச்ச எளநி" என்று தீர்ப்புச் சொன்னான்.

"சோறு போடவா?" என்று செல்லம் எட்டிப்பார்த்தாள்.

"ஐயையோ, போட்றாதம்மா!" என்று பூமிநாதன் பதறினான். சோறு விழுந்தால் குடி முடிந்தது என்பது இந்தப் பக்கத்துச் சட்டம். எந்த அரசாங்கம் வந்தும் அதை மாற்றவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதுதான் முறை என்று தெச்சணா சொன்னபோது, குளித்துக்கொண்டே பல் விளக்கச் சொன்னவனைப் பார்ப்பது போல இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

ஆனாலும் வறுத்த கொடுவா வந்தது, நண்டு வந்தது, பேச்சு வந்தது. கணக்கு வாத்தியாரின் சைக்கிளை அரசலாற்றில் இறக்கிய கதையில் தெச்சணா கண்ணில் நீர் வரச் சிரித்தான். இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. நாலாவது ஆள் யாரும் வரவில்லை. இலை காலியாகவே கிடந்தது. கேட்டால் வந்துவிடப்போகிறானே என்று அவனும் கேட்கவில்லை. இரண்டாவது பாட்டிலும் முடிந்தது. செல்லையனுக்கு என்ன பதில் சொல்வது என்று மனது ஏறக்குறைய முடிவே செய்துவிட்டது.

அந்தச் சந்தோசத்தில்தான் எழுபத்தெட்டை எடுக்க எழுந்தான். அலமாரியில் பாட்டில் இல்லை.

"அதத் தேடுறியா? இரு," என்று காத்தமுத்து அடுப்படிக்குப் போய் ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்தான். அதற்குள் கையை விட்டு, மிச்சமிருந்த கொடுவாவுக்கு அடியிலிருந்து பாட்டிலை உருவினான். அதன் லேபிள் மீனின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பூமிநாதன் பாட்டிலை வாங்கி, மேசைக்கு மேலிருந்த தொங்குவிளக்கில் பிடித்துப் பார்த்தான். "அடியில மண்டி நிக்கிதேடா" என்று சொல்லிவிட்டு, இருமல் மருந்தைக் குலுக்குவது போலத் தலைகீழாகக் கவிழ்த்து நன்றாக நாலு குலுக்குக் குலுக்கினான்.

தெச்சணா அலமாரியை விட்டுப் பாய்ந்து வந்தான். இத்தனை வருசம் அசையாமல் படிந்த மண்டி அது, கலங்கினால் வைன் போச்சு. பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டிய பாட்டில்.

"அறிவு இருக்காடா ஒங்களுக்கு? மீன் பொட்டியில வக்கிற பொருளாடா இது? பெரிய பெரிய மந்திரியெல்லாம் கைகட்டிக் காத்திருந்து குடிக்கிறதுடா! ஒங்களுக்கெல்லாம் அந்தக் குவாட்டர்தான் லாயக்கு. ஜெயப்ரியா சொன்னது சரியாப் போச்சு. வீட்ட செல்லையன்கிட்ட தள்ளிட்டு நான் போறேன்."

பூமிநாதன் பாட்டிலை மெல்ல மேசையில் வைத்தான். காத்தமுத்து கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவினான். சோற்றைத் தொடாமல் ஒரு வீட்டில் கை கழுவினால் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கமாட்டார்கள். அது தெச்சணாவுக்கும் மறக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல, பாழாய்ப்போன வீம்பு விடவில்லை.

காத்தமுத்து திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றான்.

"மாரிக்கண்ணு எப்புடிக் குடிப்பான், நெனப்பிருக்கா?"

தெச்சணாவுக்கு நினைவு இருந்தது. நாலு பேரும் ஒரே பெஞ்சு. மாரிக்கண்ணு எதைக் குடித்தாலும் மீன் ஐசை உடைத்துப் போட்டுத்தான் குடிப்பான். கிளாசில் செதில் மிதந்தாலும் கவலைப்படமாட்டான். சுனாமியில் அவனை அலை கொண்டுபோனதைத் தெச்சணா பாரிசில் டிவி பார்த்துக்கொண்டே போனில் கேட்டுத் தெரிந்துகொண்டான். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னான். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். வந்து அந்தக் கரையில் நிற்கப் பயம். அவ்வளவுதான் உண்மை.

"நாங்க எப்ப உக்காந்தாலும் அவனுக்கு ஒரு எலை உண்டு. ஒசத்தியா ஒன்னு கொண்டாந்திருக்கேன்னு சொன்னியா, அத அவனுக்கு ஊத்தணும்னு தோணுச்சி. அதான் அவன் குடிக்கிற மாதிரியே ஐசுல வச்சேன். தப்புதான்" என்றான் காத்தமுத்து. "வா பூமி, போவம்."

அப்போதுதான் தெச்சணா நாலாவது இலையைப் பார்த்தான். சாயங்காலத்திலிருந்து அது எதிரிலேயே கிடந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. செல்லம் முன்னால், தொங்குவிளக்கு முன்னால், மீன் முதுகில் ஒட்டிய அந்த லேபிள் முன்னால்கூட வெட்கமாக இருந்தது.

"இருங்கடா" என்றான்.

தக்கையைத் திருகினான். பாதி வந்தது, மீதி உள்ளே விழுந்தது. கறுப்புக் கோட்டுக் காலத்தில் இதற்கே வேலை போயிருக்கும். இருப்பதிலேயே பெரிய கிளாசை எடுத்து விளிம்புவரை ஊற்றினான். கலங்கல் வாய்க்கால் தண்ணீராய் இருந்தது. அதை நாலாவது இலையில் கொண்டுபோய் வைத்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, ஐஸ் பெட்டியில் கையை விட்டு ஒரு கட்டியை உடைத்து அதிலே போட்டான். உடனே ஒரு செதில் மிதந்தது.

"அப்புடிப் போடு" என்றான் பூமிநாதன்.

காத்தமுத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

மிச்சத்தை மூன்று பேரும் குடித்தார்கள். துருவும் மீனும் மண்ணுமாக இருந்தது. கசாயம் தேவலை என்றான் பூமிநாதன். உண்மையில் எப்படி இருக்க வேண்டும் என்று காத்தமுத்து கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? நான் ஊத்தித்தான் குடுத்தேன். கூட உக்காந்து குடிக்க அங்க எவன்டா இருந்தான்?" என்றான் தெச்சணா.

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் மூன்று பேரும் சிரித்தார்கள்.

"செல்லம், சோத்தப் போடும்மா" என்று காத்தமுத்துவே கூப்பிட்டான். கிளாசில் இன்னும் பாதி இருந்தது.

"சோத்தோட குடிச்சா ஏறாதுடா" என்றான் பூமிநாதன்.

"ஏறாட்டி என்ன? உக்காந்திருக்கலாம்ல."

செல்லம் முதலில் மாரிக்கண்ணு இலைக்குப் பரிமாறிவிட்டு மற்றவர்களிடம் வந்தாள். தெச்சணா மீன் குழம்பை முழங்கைவரை வழியவிட்டுப் பிசைந்துகொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. செல்லையன். கையைத் தூக்கிக் காட்டினான். பூமிநாதன் இடது கையால் எடுத்துக் காதில் வைத்தான்.

"அவன் சாப்புட்டுக்கிட்டு இருக்கான்ங்க" என்றான். "எப்ப எந்திரிப்பானா?"

தெச்சணாவைப் பார்த்தான். தெச்சணா, வாய் நிறையச் சோற்றோடு, தலையைக் குறுக்கே ஆட்டினான்.

"இப்பத்தாங்க உக்காந்திருக்கான்" என்றான் பூமிநாதன். "நீங்க வேற எடம் பாத்துக்குங்க."