பொன்மணி காலனி வால்வு

பொன்மணி காலனியில் போனதெல்லாம் திரும்பி வர ஆரம்பித்து நாலைந்து நாளாகியிருந்தது. முதலில் குளித்த தண்ணீர் வந்தது. பிறகு போன வாரத்து ரசம் வந்தது. வியாழக்கிழமை, எப்போதோ காலி செய்துகொண்டு போன வாடகைக்காரர் ஒருவர் பீரோவோடு வந்து, இப்போது குடியிருப்பவர்களின் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அவர்களும் காபியில் ஒரு டம்ளர் சேர்த்துப் போட்டார்கள். வந்தவரை என்ன செய்வது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. வால்வு கெட்டால் இப்படித்தான் ஆகும்.

காலனி கேட்டைத் தாண்டினால் ஒரு குழி. குழிக்குள் மெயின் பைப். பைப்பில் அந்த வால்வு. நான்-ரிட்டர்ன் வால்வு என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே ஒரு வட்டத் தகடு, மேலே கீலில் தொங்கிக்கொண்டிருக்கும். போகிற தண்ணீர் தள்ளினால் திறந்துகொள்ளும். திரும்புகிற தண்ணீர் தள்ளினால் சாத்திக்கொள்ளும். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும். மனிதர்களிடம் இந்த உறுதியை எதிர்பார்க்க முடியாது.

வேலைக்கும் கடைக்கும் போகிறவர்களை வால்வு கண்டுகொள்வதில்லை. அவர்கள் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள், சாயங்காலம் கேட் வழியாக உள்ளே வந்துவிடுவார்கள். 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். சட்டமெல்லாம் ஒன்றுமில்லை. நல்ல வீட்டுப் பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

காலனியின் பிளம்பர் சற்குணம். அவன் மனைவி மரகதம் போன சித்திரையில் ஒரு ரெக்ஸின் பையோடு வாசலில் நின்று, "போறேன்" என்றாள். சற்குணம் அப்போது கொல்லைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. வாஷரை மாட்டி முடித்து நிமிர்ந்தபோது வாசலில் வெயில் மட்டும் இருந்தது.

ஆகவே வால்வு கெட்டுப்போன செய்தி வந்ததும் அவன் ஓடவில்லை. வீட்டைக் கூட்டினான். சுவரில் அடித்திருந்த ஆணிகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டான். அவளுக்குப் பிடித்த கெட்டித் தயிர் வாங்கிவைத்தான். பிறகு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, திரும்பி வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். ரசம் வந்தது, பீரோ வந்தது, யாரோ ஒருவரின் பால்பல் தத்தித் தத்தி வந்தது. மரகதம் வரவில்லை.

காலனி சங்கத்துச் செயலாளர் பஞ்சநதம் தினமும் போன் செய்தார். கவலையில் அவர் கொஞ்ச நாளாகவே பிரஷர் கேஜாக மாறிவிட்டிருந்தார். வேட்டி, சட்டை எல்லாம் அப்படியே இருந்தன. முகத்துக்குப் பதில் ஒரு கண்ணாடி வட்டமும், அதற்குள் ஒரு முள்ளும். பேசுவதற்கு முன்னால் அவர் பெஞ்சாதி கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிடுவாள்.

"வாஷர் கிடைக்கலை சார்" என்பான் சற்குணம். மறுநாள், "கடைக்காரர் ஊருக்குப் போயிட்டார் சார்." அதற்கு மறுநாள், "இன்னிக்கு அஷ்டமி சார்."

வாஷர் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தபோது பஞ்சநதத்தின் குரல் கிறீச்சிட்டது. முள் சிவப்பில் நிற்கிறது என்று தெரிந்தது.

"என் மாமனார் வந்துட்டார்யா."

"வரட்டும் சார்."

"நாங்களே சுடுகாட்டுல எரிச்சுட்டு வந்த ஆளு. மூக்குக் கண்ணாடி எங்கன்னு கேக்கறாரு."

"எடுத்துக் குடுங்க சார்."

"அதையும் கூடப் போட்டுத்தானே எரிச்சோம்! எனக்குத் தெரியாது, மோட்டார் போடறதுக்குள்ள நீ பாக்கறியா, இல்ல வேற ஆளைக் கூப்பிடவா?"

சற்குணம் எழுந்து நின்றான். வேறு ஆள் வந்தால் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் வேலையை முடித்துவிடுவான். மரகதம் பாதி வழியில் இருந்தால் என்ன ஆவது? தான் போனால் வேலையை நீட்டலாம். ஒரு போல்ட்டைக் கழற்ற அரை நாள் எடுத்துக்கொள்ளலாம்.

கருவிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். தினமும் கதவைப் பூட்டிவிட்டு, வீட்டில் வேறு யாரும் இல்லாததால், பூட்டைப் பார்த்து 'போயிட்டு வர்றேன்' என்று சொல்வது அவன் வழக்கம். பூட்டுக்கும் அது பழகியிருந்தது. அன்று காதில் போன் இருந்தது.

"கிளம்பிட்டியா, இல்லையா?"

"போறேன் சார். இதோ போறேன்."

பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தான்.

கேட்டுக்கும் குழிக்கும் நடுவில் வழக்கமாக ஒரு வேப்பமரம்தான் உண்டு. அன்று தூரம் கொஞ்சம் கூடியிருந்தது. வேப்பமரத்துக்குப் பிறகு ஒரு டீக்கடை வந்தது. பிறகு ஒரு ரயில்வே கேட் வந்தது, சாத்தியிருந்தார்கள். ரயில் பின்பக்கமாகப் போய் முடிகிறவரை நின்றான். குழிக்குப் படிகள் இருந்தன. முன்பு ஏணிதான் இருந்தது. படிகள் வசதியாகத்தான் இருந்தன.

குழிக்குள் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இடம் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மெயின் பைப் ஓர் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வால்வுத் தகடு பாதி திறந்தபடி, பசித்தவன் வாய்போலக் கிடந்தது. வெளியிலிருந்து ஆட்கள் மூட்டை முடிச்சுகளோடு பின்பக்கமாகவே நடந்து வந்து, தகட்டுக்கு அடியில் குனிந்து, காலனிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். யார் முகமும் தெரியவில்லை. முதுகுகளைப் பார்த்து சற்குணம் வணக்கம் வைத்தான்.

முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். கழற்றுவதுபோலப் பாவனை செய்தான்.

அப்போது ஒரு பின்னல் வந்தது. பின்னலுக்குக் கீழே ரெக்ஸின் பை.

"மரகதம்."

"யாரு?"

"நான்தான்."

"திரும்ப முடியலை. கழுத்து வலிக்குது."

அவனுக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் சந்தோஷம் வந்தது.

"வந்துட்டியா" என்றான்.

"நான் எங்க வந்தேன்? இழுத்துட்டு வருது. பனியன் கம்பெனியில மெஷின்ல உக்காந்திருந்தேன். ஸ்டூலோட இழுத்துருச்சு. சூப்பர்வைசர் பாத்துட்டு, அரை நாள் லீவுன்னு சொல்லிட்டாரு."

"வீட்டுல தயிர் வாங்கி வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

அவள் பைப்பின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கால்கள் மட்டும் உள்பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தன.

"ஏங்க, வால்வைச் சரி பண்ணுங்க."

"வாஷர் கிடைக்கலை."

"சட்டைப் பையில இருக்கு."

அவள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். சற்குணம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். இருந்தது.

"உள்ள வந்தா என்ன, மரகதம்? பிடிக்கலைன்னா மறுபடியும் போயிக்க."

"மறுபடியும் வாசல்ல நின்னு உங்ககிட்ட அதைச் சொல்லணும். ஒரு தடவை சொன்னதே தொண்டையில இன்னும் இருக்கு. இன்னொரு தடவை என்னால முடியாதுங்க."

சற்குணம் போல்ட்டைப் பார்த்தான். மெதுவாகச் செய்தால் போதும். கை வழுக்கிவிடும், அவள் உள்ளே போய்விடுவாள், வீட்டில் தயிர் இருக்கிறது. முதல் போல்ட்டை அப்படித்தான் கழற்றினான், மரைக்கு மரை மூச்சு வாங்கிக்கொண்டு. பிறகு அவள் விரல்களைப் பார்த்தான். நகங்கள் வெளுத்துப்போயிருந்தன. கல்யாணமான புதிதில் அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த விரல்கள். மீதி போல்ட்டுகள் எப்படிக் கழன்றன என்று அவனுக்கே தெரியாது.

வால்வைக் கழற்றிக் கையில் எடுத்ததும் அது தேங்காய் அளவுக்குச் சுருங்கியது. தகட்டுக்கு அடியில் ஒரு கொண்டை ஊசி குறுக்கே மாட்டியிருந்தது. அதனால்தான் சாத்தவில்லை.

"என்னோடதுதான்" என்றாள் மரகதம், பார்க்காமலே. "கிளம்பற அன்னிக்குக் குளிக்கறப்போ ஓட்டைக்குள்ள போயிடுச்சு. இத்தனை நாள் கழிச்சு இங்க வந்து மாட்டியிருக்கு. வேணும்னு போடலை."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"சீக்கிரம். கை வழுக்குது."

ஊசியை உருவிச் சட்டைப் பையில் போட்டான். பழைய ரப்பரைக் கிள்ளி எறிந்துவிட்டுப் புது வாஷரை உட்காரவைத்தான். வால்வின் ஒரு பக்கம் வாய் வைத்து ஊதினான். காற்று போனது. மறுபக்கம் ஊதினான். கன்னம் உப்பியது, கண்ணில் தண்ணீர் வந்தது, காற்று போகவில்லை. ஊதிப் பார்க்காமல் எந்த பிளம்பரும் இந்த வால்வை மாட்டமாட்டான். மரையில் சணல் சுற்றினான், வெள்ளை பெயிண்ட் தடவினான். அம்புக்குறி வெளியே பார்க்கிறதா என்று சரிபார்த்தான். பார்த்தது. மாட்டி முறுக்கினான்.

கடைசி முறுக்கின்போது, "அசையுது, பிடி" என்றான். அவள் ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்து வால்வைப் பிடித்தாள். முந்தானையைச் சுற்றிக்கொண்டு பிடித்தாள், அந்தக் காலத்தில் பிடித்த மாதிரியே.

தகடு டப்பென்று சாத்திக்கொண்டது.

இழுப்பு நின்றது. பின்பக்கமாக வந்துகொண்டிருந்தவர்கள் தடுமாறி நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முன்பக்கமாக நடந்து போனார்கள். மரகதம் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இளைச்சுட்டீங்க."

"இல்லையே."

அவ்வளவுதான் பேசினார்கள். இரண்டு பேரும் படியேறினார்கள். கருவிப் பையை அவள் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு வந்தாள். ரயில்வே கேட் திறந்திருந்தது. டீக்கடையில் ஆளில்லை. வேப்பமரம் அதன் இடத்தில் நின்றது. அதற்கு அப்பால் காலனி கேட் இல்லை. கேட் இருந்த இடத்தில் ஒரு வட்டத் தகடு, மேலே கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் புது ரப்பர் கறுப்பாகத் தெரிந்தது.

சற்குணம் தள்ளினான். தகடு சாத்திக்கொண்டது.

"யாரது?" உள்ளேயிருந்து பஞ்சநதத்தின் குரல். நிதானமாக இருந்தது. முள் பச்சைக்கு இறங்கியிருக்க வேண்டும்.

"நான்தான் சார், சற்குணம். வேலை முடிஞ்சுது."

"பிரமாதம்யா. மாமனார் போயிட்டாரு. சொட்டுக்கூடத் திரும்பலை."

"கதவைத் திறங்க சார். உள்ள வரணும்."

உள்ளே யாரோ கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது.

"காலையில கிளம்பறப்போ என்ன சொன்ன?"

சற்குணம் யோசித்தான். பூட்டை நினைத்தான்.

"உங்ககிட்டதானே சார் சொன்னேன்? போன்ல. நீங்க அவசரப்படுத்தினீங்க."

"ஆமா, என்கிட்டதான் சொன்ன. ரெண்டு தடவை சொன்ன."

"வாய் தவறி வந்துடுச்சு சார்."

"அது வால்வுக்குத் தெரியுமா? நீயே சொல்லு, நீ பிளம்பர்."

சற்குணம் இரண்டு கையாலும் தள்ளினான். தோளால் முட்டினான். தள்ளத் தள்ள இறுகியது. அவனே பார்த்துப் பார்த்து உட்காரவைத்த ரப்பர், மயிரிழை இடம் விடவில்லை. உள்ளே மோட்டார் போடும் சத்தம் கேட்டது. வீடு வீடாகத் தண்ணீர் ஏறியது. அவன் வீட்டுத் தொட்டியும் நிறைந்திருக்கும். அடுப்படியில் தயிர் புளித்துக்கொண்டிருந்தது.

மரகதம் வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கருவிப் பையை அவன் காலடியில் வைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்த கொண்டை ஊசியை எடுத்துத் தலையில் செருகினாள்.

"ரெண்டாவது ஷிப்டுக்காவது போகணும்" என்றாள்.

"ம்."

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

அவள் ரெக்ஸின் பையைத் தோளில் மாட்டினாள். நாலு எட்டு நடந்தாள். நின்றாள், திரும்பிப் பார்த்தாள். அவன் இந்தமுறை தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றான்.

"போயிட்டு வர்றேன்" என்றாள்.

ரயில்வே கேட் பக்கமாகப் போய்விட்டாள். சற்குணம் தகட்டுக்கு முதுகைக் காட்டி, கருவிப் பையின் மேல் உட்கார்ந்தான். அவளோடு போயிருக்கலாம். டீக்கடை வரைக்குமாவது போயிருக்கலாம். ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வரும்போது இங்கே ஆள் இருக்க வேண்டும்.