குட்டியை நனைத்தவர்கள்

மக்ரோகார்ப்பா மரத்தடியில் குட்டி இல்லை. நசுங்கிய புல் இருந்தது, புல்லில் ஈரம் இருந்தது, வனவிலங்குத் துறை ஊழியை ரிப்பேக்கா தன் கையால் நட்ட பலகையும் இருந்தது. ‘கடற்சிங்கக் குட்டி. தாய் இரை தேடப் போயிருக்கிறது. கிட்டே போகாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். அந்தப் பலகையின் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் தடம் சுற்றுலா வண்டிகள் தங்கும் கேரவன் பூங்காவைத் தாண்டி, கிரிக்கெட் மைதானத்தின் ஓரமாகக் கடற்கரைக்குப் போயிருந்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இது கெட்டவர்கள் செய்த வேலை இல்லை என்பது ஓடும்போதே தெரிந்துவிட்டது. கெட்டவர்கள் தள்ளுவண்டியும் துண்டும் கொண்டுவந்து மெனக்கெட மாட்டார்கள். இந்த ஊரில் நல்லவர்களோடு மாரடிப்பதுதான் அவளுடைய உத்தியோகம்.

தோலுக்காக அடித்தே இந்தக் கரையில் கடற்சிங்கம் என்ற பேச்சே இல்லாமல் செய்துவிட்டிருந்தார்கள் முன்னோர்கள். மிச்சம் பிழைத்தவை தெற்கே, மனிதர் இல்லாத தீவுகளில் கிடந்தன. அங்கிருந்து தப்பித் தவறி வந்த ஒரு பெண் கடற்சிங்கம் இந்தக் குடாவில் ஒரே ஒரு குட்டி போட்டது. அதன் துடுப்பில் அடையாள வில்லை மாட்டியவள் ரிப்பேக்காதான். கிறிஸ்துமஸுக்கு இங்கே செய்யும் பவ்லோவா என்ற முட்டைவெள்ளைக் கேக்கின் வெளிர் நிறத்தில் இருந்ததால் ஊர் அதற்கு அந்தப் பெயரையே வைத்தது. வளர்ந்ததும் அது கடலோடு போய்விட்டது; மீன் வலையில் சிக்கி மூழ்கிச் சாகாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அவளுடைய கவலை. பெண் கடற்சிங்கம் தான் பிறந்த கரைக்கே வந்து குட்டி போடும் என்று ரிப்பேக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். போன மாதம் பவ்லோவா வந்தது. குட்டியும் பெண். இது இங்கேயே வளர்ந்துவிட்டால் இந்தக் குடா மறுபடியும் அவற்றின் ஊர். இல்லையென்றால் பாசி நாறும் இன்னொரு கடற்கரை, அவ்வளவுதான்.

கரையில் அவள் பார்த்தது இது. இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று பேர் கைகோத்து நின்றிருந்தார்கள். நடுவில் அவளுடைய தாய்மாமன் தியோனே. அவருக்கு இந்தப் பக்கம் கேரவன் பூங்கா நடத்தும் ஹெதர், அந்தப் பக்கம் ஹெதரின் கணவன். அவர்களுடைய கால்களுக்கு இடையே நுழைந்து கரையேறிவிடக் குட்டி முட்டிக்கொண்டிருந்தது. தியோனே கோத்த கையை விட்டுவிட்டு அதை இரண்டு கையாலும் பிடித்து, வெகு பிரியமாக, ஆழத்தைப் பார்த்துத் தள்ளினார்.

“வந்துட்டியா? எத்தன தடவ போன் போட்டேன்,” என்றார் அவளைப் பார்த்ததும். “காய்ஞ்சு கருவாடாக் கெடந்துச்சு. பக்கெட் பக்கெட்டா ஊத்திட்டுத்தான் கொண்டாந்தோம்.”

“எப்படித் தள்ளினாலும் கரைக்கே ஓடி வருது, பிடிவாதம் பிடிச்சது,” என்றாள் ஹெதர். “ஆனா நாங்க விடல.”

ரிப்பேக்கா பூட்ஸோடு தண்ணீருக்குள் இறங்கிக் குட்டியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உதறலில் அதன் பல் அடித்துக்கொண்டது. கத்த வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

இந்தக் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட ஒரு விஷயம் தெரியும். திமிங்கிலம் கரை ஒதுங்கினால் நனைக்க வேண்டும், ஈரத்துணி போர்த்த வேண்டும், தண்ணீர் ஏறியதும் உள்ளே தள்ள வேண்டும், திரும்பி வந்தால் கைகோத்து மறிக்க வேண்டும். தியோனே ஒருமுறை கூட்டமாய் ஒதுங்கிய திமிங்கிலங்களோடு விடிய விடியக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவர். அந்தப் போட்டோ இன்னும் மதுக்கடைச் சுவரில் தொங்குகிறது. அன்று கற்றதை இன்று ஒன்று விடாமல், ஆள் தவறிச் செய்திருக்கிறார்.

“மாமா, இது திமிங்கிலம் இல்ல.”

“கண்ணு தெரியாதா எனக்கு? கடல்ல இருக்கறதுதானே?”

“ஒரு மாசக் குட்டி மாமா. இதுக்கு நீந்தவே சரியா வராது. தாய்தான் காட்டுக்குள்ள கொண்டுபோய் ஒளிச்சு வச்சிட்டுப் போயிருக்கு. பலகையில எழுதி வச்சிருக்கேன்ல?”

“படிச்சேன். கிட்டப் போகாதேன்னு போட்டிருந்துச்சு. அது ஊர் சுத்த வர்றவங்களுக்கு. எனக்குமா?”

சமூகக் கூடத்தில் அவள் நடத்திய கூட்டங்கள் எல்லாவற்றிலும் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆட்டிறைச்சி பஃப்ஸ் தின்றபடி தலையாட்டியவர். அந்தத் தலையாட்டலை நம்பி அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அவரைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அம்மாவுக்குப் போன் போகும், அம்மா இவளைத் திட்டுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு குட்டியைத் தள்ளுவண்டியில் வைத்தாள்.

மரத்தடியில், அதே பள்ளத்தில் அதைக் கிடத்தினார்கள். இனி எல்லாம் தாயின் கையில். பவ்லோவா கூப்பிடும்போது குட்டி பதில் கொடுக்க வேண்டும், மோந்து பார்க்கும்போது தன் குட்டியின் வாசம் வர வேண்டும். இதற்கோ குரல் போய்விட்டது, உடம்பு முழுக்க ஹெதர் வீட்டுத் துணி சோப்பின் ரோஜா வாசனை. ரிப்பேக்கா எல்லாரையும் மைதானத்தின் வேலிக்குப் பின்னால் விரட்டினாள்.

“குடிக்கத் தண்ணியாவது வைக்கலாம்ல?” என்றார் தியோனே.

“வாயை மூடிட்டு உக்காருங்க மாமா.”

செய்தி பரவி, மதியத்துக்குள் பாதி ஊர் வேலி ஓரமாய் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. மூன்று மணி வாக்கில் பவ்லோவா கரையேறியது. மாடு கத்துவது போலக் கத்திக்கொண்டே மைதானத்தைக் குறுக்காகக் கடந்தது. மரத்தடியில் நின்று கத்தியது. குட்டி வாயைத் திறந்தது, காற்றுதான் வந்தது. பவ்லோவா குனிந்து மோந்தது, செருமியது, முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலடி போய்விட்டது. அப்போது குட்டியிடமிருந்து ஆட்டுக்குட்டியின் குரல் போல ஒன்று, கம்மலாக, ஒரே ஒரு தடவை கேட்டது. பவ்லோவா திரும்பி வந்தது.

பால் கொடுக்கும் என்று ரிப்பேக்கா நினைத்தாள். கொடுக்கவில்லை. கழுத்துத் தோலைக் கவ்விக் குட்டியைத் தூக்கியது. வந்த வழியே மைதானத்தைக் கடந்து, மணலைக் கடந்து, பாறை ஓரமாகத் தண்ணீரில் இறக்கி, முட்டி முட்டி நகர்த்திக்கொண்டு முனையைச் சுற்றிப் பக்கத்துக் குடாவுக்குப் போனது. இந்த இடம் இனி வேண்டாம் என்று அது முடிவு செய்துவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது.

வேலி ஓரத்தில் கைதட்டல் எழுந்தது. ஹெதர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தியோனே மலர்ந்த முகத்தோடு ரிப்பேக்காவிடம் வந்தார்.

“பாத்தியா? கடலுக்குத்தான் போகணும்னு காலையிலேயே சொன்னேன். தாய்க்குத் தெரிஞ்சிருக்கு. இதையே படிச்சவ உனக்குத்தான் தெரியல.”

அவளிடம் கோபம்கூட மிச்சமில்லை. மெல்லக் கேட்டாள்.

“முனைக்கு அந்தப் பக்கம் இன்னிக்கு யாரெல்லாம் மீன் வலை கட்டியிருக்காங்க மாமா?”

“அங்கயா? ஹெதர் புருஷன் கட்டினான். டனீடன் டவுன்லேர்ந்து வந்தவன் ஒருத்தன். அப்புறம்...”

உற்சாகமாய் விரல் மடக்கிக்கொண்டு வந்தவர், மூன்றாவது விரலில் நின்றுபோனார். முனையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

பிறகு ஓடினார். முழங்கால் வலி என்று போன வாரம்வரை புலம்பிக்கொண்டிருந்த மனிதர், செருப்பு கழன்றதையும் பார்க்காமல் தன் படகை நோக்கி ஓடினார். காலையிலிருந்து அவள் சொன்ன ஒன்றையும் கேட்காதவருக்கு இப்போது யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வேலி ஓரத்தில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.